கொல்லை மண்ணை மூடாதீர்கள்

செய்யூர் வட்டத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருக்கும் என் தங்கைகளுக்கும் அக்காமார்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்திருந்தேன். அரசு கொடுத்த பணம் போதாமல் காதில் கிடந்ததையும் அடகு வைத்து எழுப்பிய வீடு. வாசலில் மாவிலை, உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசம். கண் நிறையப் பார்த்தேன். சாப்பிட்டுக் கை கழுவப் பின்கதவைத் திறந்தால், கொல்லை முழுக்க சிமென்ட் தரை. மதில் சுவர் வரை ஒரு சாண் மண் கிடையாது. அங்கே ஒரு முருங்கை நின்றது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பெண்களுக்கென்று அந்த மரத்திலிருந்துதான் தெருவே கீரை ஒடித்துப் போகும். "மண்ணா இருந்தா சேறாவுதுக்கா, பாக்கவும் நல்லா இல்ல" என்றார் அந்தத் தங்கை. இரண்டு நாள் கழித்து, பேருந்து நிறுத்தத்துக் கடையில் அதே தங்கை பணம் கொடுத்து ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்குவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. தனியாக அவரிடம் சொன்னால் குறை சொல்வதாகப் படும். இது அவர் ஒருவர் வீட்டுச் சங்கதியும் இல்லை. கடப்பாக்கம் தொடங்கிச் சூணாம்பேடு வரை போகிற ஊரிலெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு வேற்றாள் இல்லை. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலர் சிறுபிள்ளைகளாகத் தட்டேந்தி என் முன்னால் நின்றவர்கள். இன்றைக்கு நீங்களே பள்ளிக்கூடத்தில் கரண்டி பிடிக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, நம் கிராமங்களில் அதைச் சமைக்கும் பொறுப்பு குழுப் பெண்களாகிய உங்களிடம் வந்தது. காய்கறி சாம்பார் என்று பட்டியலில் எழுதியிருப்பதை ஒரு நாளும் தவறவிடாமல் காய் நறுக்கிப் போடுகிறீர்கள். அப்படிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ரசமும் அப்பளமும் வைத்து உங்கள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறீர்கள். எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் முப்பது ஆண்டுகள் சாப்பிட்டேன்.

நம் உடம்பு அதற்குக் கணக்குக் கேட்காமல் இருக்காது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருந்தது. உங்கள் குழுவில் பதினாறு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அதில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேறினால் மூச்சு வாங்குவதும், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடப்பதும் நமக்குப் பழகிப்போனதால் அதை நோயென்றே நாம் நினைப்பதில்லை. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்னது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இதைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மாதம் வரும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையில் எதை வாங்குவது, எதை விடுவது?

இடம் இல்லை என்கிறீர்கள். கொஞ்சம் அளந்து பாருங்கள். உங்களில் பலருக்கு இருப்பது மூன்று சென்ட் மனை. மூன்று சென்ட் என்றால் ஏறக்குறைய 1,307 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி. கழிப்பறை, குளிக்கும் இடம், வண்டி நிறுத்த, துணி காயவைக்க, நடக்க என்று இன்னொரு 350 சதுர அடியைத் தாராளமாக ஒதுக்குங்கள். அப்போதும் ஏறக்குறைய 600 சதுர அடி கையில் நிற்கும். அதில் பாதியைக் கேட்கிறேன். முந்நூறு சதுர அடி மண். அவ்வளவுதான்.

அந்த முந்நூறு சதுர அடி உங்கள் முழுத் தேவையையும் தீர்த்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டு முழுதும் காய்கறி கிடைக்க ஐந்து சென்ட் வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. நம்மிடம் ஒரு சென்டுக்கும் குறைவு. ஆகவே எதைப் போடுவது, எதை விடுவது என்று தெரிந்து செய்ய வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் கடையிலேயே இருக்கட்டும். அவை ஒரு தரம் இடத்தைப் பிடித்து ஒரு தரம் விளைந்து முடிந்துபோகும். பறிக்கப் பறிக்க வருவதும், கடைக்கு வருவதற்குள் வாடிப்போவதும்தான் கொல்லைக்கு ஏற்றவை. கீரை, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, வேலியில் அவரை, பந்தலில் புடலையோ பீர்க்கையோ, மூலையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி. நட்ட கத்தரி ஒழுங்காகப் பார்த்தால் மாதக்கணக்கில் காய்க்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். வாங்கிய கட்டில் முற்றிய தண்டை ஊன்றினால் போதும்.

இனி, இடம் இருந்தும் நாம் ஏன் மூடுகிறோம் என்பதற்கு வருகிறேன். இதை எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதாமல் விட்டால் மடலுக்கே அர்த்தமில்லை. நமக்கு வெட்கம். கொல்லையில் குனிந்து கீரை கிள்ளுவது இல்லாதவர்கள் செய்வது என்று எப்போதோ மனசில் ஏறிவிட்டது. டைல்ஸ் போட்ட தரையும், பையில் கடையிலிருந்து வந்த காலிஃபிளவரும் நாம் கரையேறிவிட்டோம் என்பதற்குச் சாட்சி. குப்பைக்கீரை அதற்கு எதிர்ச்சாட்சி.

இந்த வெட்கம் இன்று நேற்று வந்ததில்லை. நம் இடைக்கழிநாட்டில் நல்லூர் என்று இருக்கிறதே, அந்த ஊர்க்காரர் நத்தத்தனார் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு பாணன் வீட்டு அடுப்படி வருகிறது. இடிந்து விழும் சுவர், பசியில் இளைத்த வீட்டார். அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு பங்கிட்டு உண்கிறாள். சங்க காலத்து அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும். உப்பளம் இருக்கும் இந்தக் கரையில் பிறந்த புலவர் உப்பில்லாத கீரையைப் பாடியிருக்கிறார்.

அவள் வறுமைக்கு நாணினாள். கீரைக்கு நாண வேண்டிய காரணம் அவளுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அவள் சுற்றத்தை அன்றைக்குக் காப்பாற்றியது அந்தக் கீரைதான். அவள் கதவைச் சாத்தினாள், மண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். நாமோ கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மண்ணின் மேல் சிமென்டைக் கொட்டுகிறோம்.

நீங்கள் சொல்லும் மற்றக் காரணங்களையும் நான் தள்ளிவிடவில்லை. பாம்பு வரும் என்கிறீர்கள். பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி, மிச்சக் கல்லும் உடைந்த ஓடும் விறகும் குவிந்த இடத்தில் தங்குகிறது. தினம் இரண்டு முறை ஆள் நடமாடி, களை பிடுங்கி, துப்புரவாக இருக்கும் பாத்திக்குள் அது ஒளிய வழியில்லை. கொசு வரும் என்கிறீர்கள். பாத்திரம் துலக்கும் தண்ணீர் போக இடமில்லாமல் சிமென்ட் ஓரத்தில் தேங்கி நிற்கிறதே, கொசு அதில்தான் முட்டையிடுகிறது. ஆட்டையும் கோழியையும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான தொல்லை. அதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. குப்பத்தில் கிழிந்து ஒதுக்கிய வலை கேட்டால் கொடுப்பார்கள். நான்கு கழி நட்டு அதைச் சுற்றிக் கட்டுங்கள். அதே வலை பீர்க்கைக்குப் பந்தலாகவும் ஆகும். என் வீட்டில் ஆறு ஆண்டாக அப்படித்தான்.

மண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஆட்கள் பலர் ஒரு தரம் விதைத்துப் பார்த்து, முளைத்தது வாடியதும் கைவிட்டவர்கள். நம் கரைப்பக்கத்து மண் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் கீழே இறங்கிவிடும். உரம் போட்டாலும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். இந்த மண்ணில் தோட்டம் போடுவது என்றால் முதலில் மண்ணுக்கு வயிறு கொடுப்பது. பாத்தி போடும் இடத்தை ஒரு முழம் ஆழம் தோண்டுங்கள். அடியில் தேங்காய் மட்டையை உள்பக்கம் மேலே பார்த்திருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். தென்னைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். அதன்மேல் சருகு, மட்கிய சாணம், தோண்டிய மணல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஏரி வண்டல் கிடைத்தால் அதைவிட மேலானது இல்லை. ஒருவர் தனியாக அதற்கு அலைய வேண்டாம். குழுவாகச் சேர்ந்து முறைப்படி அனுமதி வாங்கி ஒரு டிராக்டர் இறக்கினால் பதினாறு வீட்டுக்கும் கூடை கூடையாகப் பங்கு வரும்.

பாத்தி மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. மிதிபட்ட மண் இறுகிவிடும். மூன்றுக்கு எட்டு அடியில் நான்கு பாத்தி போட்டு, வாரம் ஒரு பாத்தி என்று சிறுகீரையோ முளைக்கீரையோ தூவி வந்தால், நான்காவது பாத்தி விதைத்த அடுத்த வாரம் முதல் பாத்தி அறுப்புக்கு வரும். ஒரு பாத்தியில் எனக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்து கிடைத்ததில்லை. நான்கையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு ஒரே நாளில் அறுத்து, தின்ன முடியாமல் அக்கம்பக்கம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முழுக்கக் கடைக்குப் போகாதீர்கள். கீரை விதையை எறும்பு இழுத்துப் போகும். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து தூவுங்கள்.

மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்திப் போட வேண்டும் என்பதை நான் பட்டுக் கற்றுக்கொண்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையில் என் தரைமட்டப் பாத்தியில் தண்ணீர் மூன்று நாள் நின்றது. கீரை எல்லாம் அழுகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு அடிக்கு மண்ணைக் கூட்டி நட்டிருந்த கத்தரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. ஐப்பசிக்கு முன்னால் மேட்டுப்பாத்தி, வெயில் காலத்தில் பள்ளப்பாத்தி. ஆண்டுக்கு இரண்டு முறை மண்ணை இப்படி மாற்றிக்கொள்வது அரைநாள் வேலை.

தண்ணீரைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். சித்திரை, வைகாசியில் நம் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. இதில் தோட்டம் எங்கே என்பீர்கள். ஆனால் குடிக்க, குளிக்க, துலக்க, துவைக்க என்று வீட்டுக்குள் வரும் தண்ணீர் எங்கே போகிறது? ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நான்கு பேருக்கு 220 லிட்டர். அதில் பாதியாவது தெருவுக்குத்தான் போகிறது. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் மூன்றையும் நேராகச் செடிக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம். அதை ஒரு வாய்க்கால் கிழித்து வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள். அவை குடித்துக்கொள்ளும். கழிப்பறைத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கமே திருப்பாதீர்கள். உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் பீன்ஸும் முள்ளங்கியும் அதில் வாடிப்போகும். கொத்தவரையும் சப்போட்டாவும் தென்னையும் ஓரளவு தாங்கும். உப்பளத்து ஓரத்தில் உமரிக்கீரை தானாக முளைக்கிறதே, அதைப் பறித்துச் சமைக்கத் தெரிந்த கிழவிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் கேட்டு வையுங்கள்.

கிணறு உப்பாவதற்கும் நம் சிமென்ட் தரைக்கும் தொடர்பு உண்டு. கடற்கரை மணலில் மழைத்தண்ணீர் இறங்கி, அடியிலிருக்கும் உவர்த்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் இறைப்பது அந்த மேல்தண்ணீரை. மேலே இறங்குவது குறைந்து, மோட்டார் இறைப்பது கூடினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறுகிறது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் முந்நூறு சதுர அடியில் விழுவது சுமார் 28,000 லிட்டர். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதி உங்கள் கொல்லைக்குள் இறங்கும். சிமென்டாக இருந்தால் அது தெருவில் ஓடி, சேற்றில் கலந்து, கழிவெளிக்குப் போய்ச் சேரும். ஒரு தெருவில் முப்பது வீடு மூடினால் என்னவாகும் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உரத்துக்கு அதிகம் பணம் செலவழிக்க வேண்டாம். மீன் செதிலும் குடலும் தினமும் கையில் இருக்கும் ஊர் நம்முடையது. சம எடை வெல்லத்தோடு பிசைந்து மூடிவைத்தால் ஒரு மாதத்துக்குள் வாடை போய் மீன் அமிலம் ஆகிவிடும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் போதும், கூடினால் இலை கருகும். மல்லாட்டைப் புண்ணாக்கு ஒரு பிடியை ஊறவைத்து ஊற்றினால் கத்தரி பூப்பதைப் பாருங்கள். பூச்சிக்கு வேப்பங்கொட்டை இடித்த கரைசல். மாலையில் தெளியுங்கள். இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. இதெல்லாம் உங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்ததுதான்.

நம் ஊரின் இன்னொரு சங்கதியையும் நினைவூட்ட வேண்டும். செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு இருந்ததே. பனையூரில் நிலக்கரித் துறைமுகம், வயலுக்கு நடுவே சாம்பல் குளம் என்றெல்லாம் வரைபடம் போட்டார்கள். எங்கள் நிலம் போகும், தண்ணீர் கெடும் என்று மக்கள் எழுந்து நின்றார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாயைத் திறந்து பேசியவர்களில் நம் பெண்கள் குறைவில்லை. அந்த நிலையம் வரவில்லை. மண்ணுக்காக அப்படி நின்ற ஊர் இது. அதே ஊரில், யாரும் கேட்காமலே, யாரும் பறிக்காமலே, நம் கைக்குக் கிடைத்த மூன்று சென்டை நாமே மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் தோப்பும் மல்லாட்டைக் கொல்லையும் மனையாக மாறுவதைத் தடுக்க நம்மிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பின்கதவுக்கு அப்பால் இருப்பது நம் கையில் இருக்கிறது.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடியபோது நம் கடைகளில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வட்டத்தில் தர்பூசணி லோடு லோடாக ஏறுகிறது, வீட்டுக்குத் தக்காளியோ தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும். அந்த வாரங்களில் கொல்லையில் முருங்கையும் சுரைக்கொடியும் வைத்திருந்த வீடுகளை நாம் கண்ணால் பார்த்தோம். 2022-இல் இலங்கையில் உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று சொல்லி அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையில் விடுப்பே கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் விதை ஊன்றியவர் காய் பறிக்க எத்தனை வாரம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்! பசி வந்த பிறகு விதைத்தால் பசியோடுதான் காத்திருக்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள். இதைக் குழுவிடம் ஏன் கேட்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய நாளிலிருந்து, தனி ஒருத்தியால் முடியாததைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து முடித்துக் காட்டியிருக்கிறீர்கள். ஐம்பது ரூபாய் சேமிக்க முடியாது என்றவர்கள்தான் பிறகு வங்கியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினீர்கள். கொல்லையில் கீரை கிள்ளும் வெட்கமும் அப்படித்தான் போகும். ஒருத்தி கிள்ளினால் இல்லாதவள் என்பார்கள். பதினாறு பேர் கிள்ளினால் அது ஊர்ப் பழக்கம்.

அடுத்த கூட்டத்தில், சேமிப்பு வசூலித்து முடித்ததும் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து இதையும் எழுதுங்கள். எங்கள் குழு உறுப்பினர் யாரும் கொல்லையை முழுக்க சிமென்ட் போட்டு மூட மாட்டோம், பாதியை மண்ணாக விடுவோம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவர்கள் மதில் ஓரமாக மூன்றடி அகலத்துக்கு மட்டும் உடைத்து எடுக்கட்டும். அதற்கும் மனசு வராவிட்டால், பழைய அண்டாவிலும் அரிசி மூட்டைச் சாக்கிலும் மண் நிரப்பித் தொடங்கட்டும்.

அதே கூட்டத்தில், நாற்று விடுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் வசதி உள்ள ஒரு வீட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விட்டு, இருபத்தைந்து நாள் கழித்து எல்லோருக்கும் பிரித்துக்கொடுத்தால், பதினாறு வீட்டில் பதினாறு முறை முளைக்காமல் போகும் வருத்தம் இருக்காது. 2025 ஜூலையில் அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் கொடுக்கிறார்கள். தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குக் குழுவின் பேரில் மனு கொடுத்துக் கேளுங்கள். வாங்கிய பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், விதைக்கும் வயது உண்டு. அதோடு சொந்த விதையும் வேண்டும். கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை, இரண்டாம் முறை தாயைப் போலக் காய்க்காது. நாட்டு விதை வைத்திருக்கும் வீடு ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கிறது. தேடிப் போய்க் கேளுங்கள், நல்ல காயை முற்றவிட்டு எடுங்கள், சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையிலோ சீசாவிலோ போட்டு வையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்தவர்கள் நாளைச் சொன்னார்களே தவிர, விதையை நம்மிடம்தான் விட்டுப் போனார்கள்.

முருங்கைக்கீரையைச் சமைத்தால் பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ இருக்கட்டும், கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது தடுத்துவிடும். முதலில் பறித்ததைப் பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு கரண்டி முதலிலேயே எடுத்து வையுங்கள். இதை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. மண்ணைத் தோண்டி மட்டை அடுக்க அது போதும். அந்த வாரத்தில் உங்கள் ஊரில் எந்தக் குழு கூட்டம் போட்டாலும் எனக்குச் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். என் கொல்லையில் எடுத்த நாட்டு அவரை விதை இரண்டு படி இருக்கிறது. வீட்டுக்குப் பத்து விதை கொடுத்தால் ஊரெல்லாம் போதும். பெரிய விதையும் அல்ல, பெரிய கொடையும் அல்ல. வேலி ஓரத்தில் ஊன்றி, கார்த்திகையில் காய் தொங்கும்போது ஒரு பிடி விதைக்கு விட்டு வைத்து, அடுத்த ஆடிக்கு நீங்கள் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோங்கள். வரும்போது ஒரு துணிப்பை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சத்துணவு டீச்சரம்மா